துடுப்புக்காரியின் குரல்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒரு பச்சை ஆப்பிள், வாய் ஒட்டாமல் இருக்க. பிறகு ஒரு வாழைப்பழம், வயிறு சத்தம் போடாமல் இருக்க. முதுகலை இலக்கியம் என்னை இந்த இரண்டு பழங்களுக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது.

நான் குரல் கொடுக்கும் புது ஒலிநூல் இன்று தொடங்கியது. ஸ்டுடியோ என்று பெயர். உண்மையில் அது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பழைய சாமான் அறை. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை. ஒரு சுவருக்குப் பின்னால் லிஃப்ட். அது நகரும்போதெல்லாம் வாக்கியத்தை நடுவில் விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒலிப்பதிவாளருக்கு நான் வைத்த பெயர் உஷ் அண்ணா. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் விரலை உயர்த்தி 'உஷ்' என்பார். உள்ளே என்னைத் தவிர ஆள் இருக்காது. இரைச்சல் போகட்டும் என்று ஃப்ரிட்ஜை அணைக்கும்போது தன் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுவார். மாலையில் சாவியைத் தேடும்போது ஃப்ரிட்ஜைப் போட ஞாபகம் வரும்.

நூல், பதின்வயதினருக்கான மாயக்கதை. நல்ல கனம். பறக்கும் முதலை உண்டு.

"முதல் அத்தியாயத்துலேயே முதலையா?" என்றேன்.

"பொறு. அது பேசவும் செய்யும்."

பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளி வைக்கிறவர்களை மட்டும் எழுத்தாளர் என்று மதித்தவள் நான். சரி. வேலை.

மார்ச் 4, புதன்

கதாநாயகிக்குப் பதினேழு வயது. 'பாலஞ்சொல்லி' என்பது அவள் வேலையின் பெயர். ஊர் ஒரு பெரும்பள்ளத்தின் இரு கரைகளில் இருக்கிறது. அவள் விளிம்பில் நின்று ஓர் உண்மையைச் சொன்னால் காற்றில் ஒரு பலகை நிற்கும். அடுத்த உண்மைக்கு அடுத்த பலகை. பொய் சொன்னால் கால் கீழே போகும். ஒருமுறை சொன்ன உண்மை மறுமுறை பலகை ஆகாது. 'எனக்கு நாய் என்றால் பயம்' என்பதற்கு ஒரு சிறிய பலகைதான் கிடைக்கிறது. 'தம்பி பிறந்தபோது நான் சந்தோஷப்படவில்லை' என்பதற்கு ஒரு மாட்டுவண்டியே போகலாம்.

இந்த விதி எனக்குப் பிடித்துவிட்டது. யாரிடமும் சொல்லப் போவதில்லை.

பள்ளத்தின் அடியில் ஆறு. அங்கே படகு விடுகிற பெண் ஒருத்தி, துடுப்புக்காரி. நாற்பதாம் பக்கத்தில் ஒரு வரி: 'துடுப்புக்காரி ஆற்றில் கை விட்டாள், பாலஞ்சொல்லியின் கை குளிர்ந்தது.'

நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். லிஃப்ட் நகரவில்லை. இருந்தாலும் நிறுத்தினேன்.

அந்த நிமிடம்தான் மண்டையில் உறைத்தது — இதைக் கேட்கப் போகிற முதல் காது அம்மாவுடையது.

மார்ச் 5, வியாழன்

இந்த வேலைக்கு எனக்கு முன்னாலேயே வந்தவள் அம்மா. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. ஒத்துக்கேட்பது என்று ஒரு வேலை: பிரதியை முன்னால் வைத்துக்கொண்டு பதிவைக் கேட்டு, விட்ட சொல், மாறிய சொல், எச்சில் விழுங்கிய சத்தம் எல்லாவற்றையும் குறித்து அனுப்ப வேண்டும். சமையலறை மேசைதான் அவளுக்கு அலுவலகம். காதில் பெரிய ஹெட்ஃபோன். அது மாட்டியிருந்தால் அவள் வீட்டில் இல்லை என்று அர்த்தம். வீடே எரிந்தாலும் எழுதிக் காட்டித்தான் சொல்ல வேண்டும்.

"பொண்ணுன்னு சலுகை கிடையாது" என்று முதல் நாளே சொன்னாள். உண்மைதான். போன நூலில் என்னுடைய தவறுகள் மூன்று பக்கம் வந்தன.

மார்ச் 7, சனி

குளோரினைப் பற்றி எழுதி நாளாயிற்று. எழுதினால் ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல் ஒரு பயம்.

நீச்சல் ஆசிரியை. நகராட்சி நீச்சல்குளத்தில் குழந்தைகளுக்கும், முழங்கால் வலிக்கிற மாமிகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள். எந்த சோப்புப் போட்டாலும் முடியிலிருந்து அந்த வாசனை போவதில்லை. அதனால் குளோரின். எங்கள் வீட்டில் அவளுக்கு 'என் தோழி' என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். சமையலறைக் குழாயைச் சரி செய்தது அவள்தான்.

வேறு ஊரில் பெரிய குளம். அவளுக்குத் தலைமைப் பயிற்சியாளர் வேலை கிடைத்திருக்கிறது. மே மாதம் சேர வேண்டும். ரயிலில் அரை நாள் தூரம்.

"நீ வர்றியா?" என்று அவள் கேட்கவில்லை. வருவேன் என்று முடிவு செய்துவிட்டு, அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"உங்க அம்மாகிட்ட என்னன்னு சொல்லிட்டு வருவ?"

"வேலைன்னு."

பேச்சை ஆரம்பிக்கும் முன் நாக்கை மேலண்ணத்தில் ஒரு சொடுக்கு சொடுக்குவாள். அதைச் செய்தாள்.

"சரி. அப்போ நானும் உனக்கு ஒரு வேலைன்னு ஆயிடுறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். துவாலையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் 9, திங்கள்

இதுவரை ஒத்திகை வாசிப்பு. இன்று குரல் பிரிக்கும் நாள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல். கடைசிவரை அது மாறக்கூடாது. அமைச்சருக்கு என் பழைய மொழியியல் பேராசிரியர். முதலைக்கு எங்கள் வீட்டுக்காரர் — வாடகையைப் பற்றிப் பேசாத நாட்களில் அவரிடம் இருக்கும் அந்தச் சோம்பலான கனிவு. பாலஞ்சொல்லிக்கு என் குரல், கொஞ்சம் இளைத்தது.

துடுப்புக்காரிக்கு யோசிக்கவே இல்லை. தானாக வந்தது.

மார்ச் 13, வெள்ளி

எட்டு அத்தியாயம் முடிந்தது. நன்றாகப் போகிறது. ஏன் இவ்வளவு நன்றாகப் போகிறது?

மார்ச் 16, திங்கள்

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். ஹெட்ஃபோனில் என் முதலை. கையைக் காட்டி நிறுத்தச் சொன்னாள் — என்னை, பதிவை அல்ல. கடைசியில் ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"முதலை நம்ம வீட்டுக்காரர்தானே?"

"வீட்டுல வேலைப் பேச்சு கிடையாதுன்னு நீதான் சொன்ன."

"இது வேலை இல்ல, வம்பு." பிறகு பென்சிலால் கன்னத்தைத் தட்டினாள். "அந்தத் துடுப்புக்காரி குரலை எங்கேயோ கேட்டிருக்கேனே."

"எங்க?"

"அதான் தெரியல. பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாக்கைச் சொடுக்குறா பாரு. மொதல்ல உன் வாய்ச் சத்தம்னு நெனச்சுத் தப்புன்னு குறிச்சேன். அப்புறம் பாத்தா ஒவ்வொரு தடவையும் அவ மட்டும்தான் சொடுக்குறா. அழிச்சுட்டேன்."

நான் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன்.

நாக்குச் சொடுக்கு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை லேசாகத் தூக்கி வைப்பது. 'பாக்கலாம்' என்று சொல்லும்போது வரும் அரைச் சிரிப்பு. ஐயோ. நான் என்ன செஞ்சு வச்சிருக்கேன்? பத்து அத்தியாயம். பத்து அத்தியாயமா அவளை அம்மா காதுக்குள்ள கொண்டுபோய் உக்கார வச்சிருக்கேன்.

மார்ச் 17, செவ்வாய்

பதினோராம் அத்தியாயம் முதல் துடுப்புக்காரிக்குப் புதுக் குரல். கொஞ்சம் கட்டை. சொடுக்கு இல்லை, அரைச் சிரிப்பும் இல்லை. எந்த ஊர்ப் பெண்ணாகவும் இருக்கலாம்.

"தொண்டை சரியில்லையா?" என்றார் உஷ் அண்ணா.

"இல்லண்ணா. கதையில இப்ப அவ கொஞ்சம் வளர்ந்துட்டா."

"ஒரு ராத்திரியிலயா?"

"மாயக்கதைதானே."

அவர் விரலை உயர்த்தினார்.

மார்ச் 20, வெள்ளி

பதினான்காம் அத்தியாயம். படிக்கும்போது கொட்டாவி வந்தது. காதல் காட்சியில்.

மார்ச் 22, ஞாயிறு

குளோரின் சாப்பிட வந்தாள். வராதே என்று சொல்லத் துணிவில்லை; ஏன் என்று கேட்பாள். ரொட்டி, சூப், அவித்த முட்டை. அவள் நாக்கைச் சொடுக்கினாள்.

"ஆன்ட்டி, அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க."

அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் சாய்ந்த தலை.

"என்ன கேட்டம்மா?"

"உப்பு, ஆன்ட்டி."

"முழுசாச் சொல்லு."

குளோரின் என்னைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன்.

"அந்த உப்பைக் கொஞ்சம் தள்ளுங்க, ஆன்ட்டி."

அம்மா உப்பைத் தள்ளினாள். சாப்பாடு முடியும்வரை அவளையே பேச வைத்தாள்: குளத்து நீர் எவ்வளவு ஆழம், மாமிகள் தண்ணீரில் கத்துவார்களா, புது ஊரில் வீடு பார்த்தாயிற்றா. எல்லாவற்றுக்கும் குளோரின் உற்சாகமாகப் பதில் சொன்னாள், பாவம்.

"நீங்களும் ஒரு நாள் வாங்களேன் ஆன்ட்டி. நான் பிடிச்சுக்கிறேன்."

"எனக்குக் குளிக்கிற வாளிக்கு மேல ஆழம் வேண்டாம்மா."

அவள் போனபின் அம்மா மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மார்ச் 24, செவ்வாய்

அம்மாவின் திருத்தத் தாள் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டது. உஷ் அண்ணா சத்தமாகப் படித்தார்: "அத்தியாயம் பதினொன்று முதல் பதினான்கு வரை துடுப்புக்காரியின் குரல் மாறியுள்ளது. பழைய குரலில் மீண்டும் பதியவும்."

கீழே கோடு. இரண்டு கோடு.

"உங்க அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். "எனக்கும் அந்தப் பழைய பொண்ணுதான் பிடிச்சுது."

மார்ச் 25, புதன்

"புதுக் குரலுக்கு என்னம்மா குறை?"

"குறை ஒண்ணும் இல்ல. ஆனா அது யாரோ."

"கேக்குறவங்களுக்கு ரெண்டு நிமிஷத்துல பழகிடும்."

அம்மா பென்சிலைக் கீழே வைத்தாள். "பத்து அத்தியாயமா ஒருத்திகூடப் பழகியிருக்காங்க. அவ சிரிப்பு எப்ப வரும்னு தெரிஞ்சுபோச்சு. திடீர்னு அதே பேர்ல வேற ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, இவதான் அவன்னு சொன்னா? நான் ஒத்துக்க மாட்டேன். நான் ஒத்துக்கேக்குறவ."

எவ்வளவு தெரிந்து சொல்கிறாள்? ஒன்றும் தெரியாமலா? முகத்தைப் பார்த்தால் தெரியாது. கேட்பதற்கென்றே பழகிய முகம் அது.

மார்ச் 27, வெள்ளி

குளோரினிடம் சொல்லிவிட்டேன். நீச்சல்குள வாசலில், சைக்கிள் நிறுத்துமிடத்தில். திட்டுவாள் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"முதலைக்கு உங்க வீட்டுக்காரர், எனக்கு நானா? உருப்படும்."

பிறகு சிரிப்பு நின்றது.

"அப்போ உங்க அம்மா தினமும் என்னைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"ஆமா."

"அது உனக்குப் பயமா இருக்கு. எனக்கு ஏன்னு தெரியல, நல்லா இருக்கு." ஒரு சொடுக்கு. "ஆனா ஒண்ணு. நீ என் குரலை மாத்திட்டேன்னு சொன்னல்ல. அது நல்லா இல்ல."

சைக்கிள் பூட்டைத் திறந்து கொடுத்தேன்.

மார்ச் 30, திங்கள்

மறுபதிவு. நான்கு அத்தியாயம், ஒரே மூச்சில். சொடுக்கு வந்த நொடியில் உஷ் அண்ணா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினார். துடுப்புக்காரி திரும்பி வந்துவிட்டாள். கொட்டாவி போன இடம் தெரியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

இருபத்திரண்டாம் அத்தியாயம். இதை நோக்கித்தான் முழு நூலும் வருகிறது.

அணை உடைகிறது. பள்ளம் நிரம்புகிறது. ஊரே பாலஞ்சொல்லியின் பின்னால் பலகைகள்மேல் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் அவள் அம்மாவும். அக்கரையில் துடுப்புக்காரி. நடுவில் ஒரு பலகைக்கு மட்டும் இடம் பாக்கி. தனக்குத் தெரிந்த எல்லா உண்மையையும் அவள் சொல்லித் தீர்த்துவிட்டாள். நாய்ப் பயம், தம்பி, திருடிய மணி, எல்லாம். சொல்லாத ஒன்றுதான் மிச்சம். அதைச் சொல்கிறாள்:

'நான் காதலிப்பது அவளை. அவள் இருக்கிற கரைதான் என் வீடு.'

படித்தேன். ஓர் எழுத்துப் பிசகவில்லை.

"சுத்தமா இருக்கு" என்றார் உஷ் அண்ணா. துணி துவைத்து வந்தால் சொல்வது போல.

ஏப்ரல் 6, திங்கள்

இன்றே எழுதிவிடுகிறேன்.

மாலையில் வந்தேன். அடுப்பில் சூப். அம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இந்தப் பாலம் நிக்காதுடி."

"எங்க தப்பு?"

"தப்பு எங்கேயும் இல்ல. அதான் என்ன எழுதுறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். நீ சொன்ன மாதிரி அந்தப் பொண்ணு சொல்லியிருந்தா, ஒரு ஆட்டுக்குட்டி கூட அந்தப் பக்கம் போயிருக்காது. தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துருச்சு, ஊரே நிக்குது, நீ என்னமோ அடுத்த ரயில் எத்தனாவது பிளாட்பாரம்னு சொல்ற மாதிரி சொல்ற."

"டயர்டா இருந்தேன்மா."

"இல்ல. பயந்துட்ட. அந்தப் பொண்ணு பயப்படல. நீதான் பயந்திருக்க." பக்கத்தை என் பக்கம் திருப்பினாள். "உக்காரு. எனக்குப் படிச்சுக் காட்டு."

உட்கார்ந்தேன். மைக் இல்லை, பஞ்சுப் பலகை இல்லை. குழாய் சொட்டவில்லை, குளோரின் சரி செய்த குழாய். முதல் மூன்று சொல் வந்தது. 'நான் காதலிப்பது அவளை' — அவ்வளவுதான். அதுக்கு மேல புத்தகத்துல இருக்கிறது என் கண்ணுக்குத் தெரியல. எழுத்தெல்லாம் நனைஞ்ச மாதிரி. அப்புறம் என் வாயில வந்தது புத்தகம் இல்ல.

"அம்மா, அவ என் ஃப்ரெண்ட் இல்லம்மா. ஃப்ரெண்டும்தான். ஆனா அது மட்டும் இல்ல. மே மாசம் நான் அவகூடப் போகணும். வேலைக்காக இல்ல. அவகூட இருக்கணும்னுதான்."

யார் என்று அம்மா கேட்கவே இல்லை.

சூப் பொங்கியது. எழுந்து போய் அடுப்பைத் தணித்தாள். முதுகைக் காட்டியே நின்றாள்.

"எப்பயிலருந்து?"

"ரொம்ப நாளா."

"அந்த முதலைக்கே நாலாம் அத்தியாயத்துல தெரிஞ்சுபோச்சு. எனக்கு இருபத்திரெண்டுல சொல்ற."

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள்.

பலகை வந்ததா இல்லையா? காலைத் தூக்கிவிட்டேன். இன்னும் கீழே வைக்கவில்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

அம்மா நாள் முழுக்க ஹெட்ஃபோனோடு. அதன் ஒயர் மேசைமேல் சுருண்டு கிடக்கிறது. எதிலும் செருகவில்லை.

ஏப்ரல் 8, புதன்

இன்னும்.

குளோரின் போனில், "நான் வந்து பேசட்டா?" என்றாள். வேண்டாம் என்றேன். "அழாத" என்றாள். அழவில்லை என்றேன். "உன் குரலை நான் மட்டும் கேக்க மாட்டேனா?" என்றாள்.

ஏப்ரல் 9, வியாழன்

காலையில் அம்மா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். தானாகவே பேச ஆரம்பித்தாள், ரொட்டியிடம் சொல்வதுபோல.

"எக்ஸ்சேஞ்சுல இணைப்பு கொடுத்துட்டுக் காதை எடுத்துடணும். அடுத்தவங்க பேச்சைக் கேக்கக் கூடாது. நான் கேட்டதே இல்ல. ஆனா அந்த மொத ஹலோ காதுல விழத்தானே செய்யும். பொண்டாட்டிக்கு ஒரு ஹலோ, கடன்காரனுக்கு ஒரு ஹலோ. அந்த ஒரு சொல்லுலயே யாரு யாருக்கு என்னன்னு தெரிஞ்சுபோகும்."

நான் தட்டை எடுத்து வைத்தேன்.

"அவ போன் பண்ணா நீ சொல்ற ஹலோ எனக்குத் தெரியும். ரெண்டு நாளா அதைத்தான் திருப்பித் திருப்பி நெனச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். இத்தனை நாளா அந்த ஹலோ இந்த வீட்டுக்குள்ளதான் கேட்டிருக்கு. இணைப்பு கொடுத்துட்டுக் காதை எடுத்துட்டேன் போல. பழக்கதோஷம்."

"அம்மா…"

"இரு. ஊர் என்ன சொல்லும்னு கேக்கப் போறேன்னு நெனைக்காத. ஊர் வாயை நான் முப்பது வருஷம் பாத்தாச்சு. நான் என்ன சொல்லணும்னுதான் எனக்குத் தெரியல. எனக்கும் பயமாத்தான் இருக்கு. உனக்கு யாராச்சும் ஏதாச்சும் செஞ்சுடுவாங்களோன்னு இருக்கு. அதுக்கு நேரம் கொடு."

"சரிம்மா."

"அக்காகிட்ட நான் சொல்றேன். நீ சொன்னா சொதப்பிடுவ. டயர்டா இருந்தேன்ம்ப."

ரொட்டியை என் தட்டில் வைத்தாள். கல்யாணமாகிப் போன அக்காவுக்கோ எனக்கோ கிடைத்திராத ஓரத் துண்டு, மொறுமொறுப்பானது. அது எப்போதும் அம்மாவுக்குத்தான்.

"அப்புறம், அந்த அத்தியாயத்தை மறுபடி படி. அதுல எந்தச் சலுகையும் கிடையாது."

ஏப்ரல் 10, வெள்ளி

இருபத்திரண்டு. மறுபதிவு.

உஷ் அண்ணா இன்று உஷ் சொல்லவில்லை. விரலை உயர்த்தினார், என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாக இறக்கினார்.

படித்தேன். நடிக்கவில்லை. சத்தமாகவும் சொல்லவில்லை. ஒருவருக்குக் கேட்டால் போதும் என்பதுபோல் சொன்னேன். முடித்தபின் லிஃப்ட் ஏறிப் போகும் சத்தம் கேட்டது. அதுவரை காத்திருந்ததுபோல் இருந்தது.

"கடைசி வரிக்கு முன்னாடி ஒரு மூச்சு கேக்குது. வெட்டிடவா?" என்றார்.

"இருக்கட்டும் அண்ணா."

"எனக்கும் அதான் தோணுச்சு."

மாலையில் சாவியை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். படியிறங்கி ஓடிப்போய்க் கொடுத்தேன். இத்தனை நாளில் அவர் அதை மறந்தது இதுவே முதல் முறை.

ஏப்ரல் 14, செவ்வாய்

திருத்தத் தாள் வந்தது. அத்தியாயம் இருபத்திரண்டுக்கு எதிரே ஒரே சொல்:

'நிக்குது.'

ஏப்ரல் 19, ஞாயிறு

குளோரின் வந்தாள். கதவருகே செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை. ஆழத்துக்கே பயப்படாதவள்.

"வாம்மா" என்றாள் அம்மா. மேசையில் அச்சுப் பிரதி இருந்தது. "உக்காரு. ஒண்ணு ஒத்துப் பாக்கணும். இந்த வரியைப் படி."

துடுப்புக்காரியின் வரி. அவள் படித்தாள். சொடுக்கு, தூக்கி வைத்த கடைசிச் சொல், எல்லாம் தானாக வந்தன.

அம்மா கண்ணை மூடிக் கேட்டாள்.

"இவ கொஞ்சம் வேகமாப் பேசுறா" என்றாள் என்னிடம். "நீ மெதுவாப் படிச்சிருக்க."

"நான் மெதுவாத்தான் கேட்டேன்மா" என்றேன். சொன்னபிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. முகம் சூடாயிற்று. குளோரின் பிரதிக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

அம்மா சிரித்தாளா என்று தெரியவில்லை. அடுப்புப் பக்கம் போய்விட்டாள். "அக்கா போன் பண்ணுவா" என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது. "திட்டுவா. ரெண்டு நாள் திட்டுவா. அப்புறம் அந்த ஊர்ல துணி சல்லிசாக் கிடைக்குமான்னு கேப்பா."

ஏப்ரல் 22, புதன்

அக்கா போன் செய்தாள். திட்டினாள். துணியைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.

மே 3, ஞாயிறு

ரயில். ஜன்னலோரம் அவள் தூங்குகிறாள். கழுத்து வலிக்கும். தோளைக் கொடுத்திருக்கிறேன், அதனால் கையெழுத்து இப்படி.

அம்மா ரயிலடிக்கு வரவில்லை. "எனக்கு முடிக்க வேண்டிய அத்தியாயம் இருக்கு" என்றாள். பாலஞ்சொல்லி முடிந்துவிட்டதே, எந்த நூல் என்று நான் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது வீட்டு ஜன்னலில் இருந்தாள். ஹெட்ஃபோன் இல்லாமல்.

மே 18, திங்கள்

இரண்டாம் மாடி. சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து பதிகிறேன். லிஃப்ட் இல்லை, புறாக்கள் இருக்கின்றன. உஷ் அண்ணா போனில், "புறாவை வெட்ட முடியாது, புறாவோட பேசு" என்கிறார்.

ஜூன் 14, ஞாயிறு

அம்மா வந்து ஐந்து நாளாகிறது. வந்த முதல் நாளே வீட்டுக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். திருப்தி.

இன்று குளத்துக்குக் கூட்டிப் போனோம். வாரக் கடைசியில் காலை நேரம் மாமிகளுக்கானது. "சும்மா பாக்கத்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். பிறகு எப்படியோ ஒரு பெரிய சட்டையும் ரப்பர் தொப்பியுமாகப் படியில் நின்றாள். தொப்பி காதை மூடியிருந்தது. அதை மட்டும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டாள்.

குளோரின் தண்ணீருக்குள் நின்று இரண்டு கையையும் நீட்டினாள். நாக்கைச் சொடுக்கினாள்.

"வாங்க. அடுத்த படி இருக்கு. நான் சொல்றேன்ல."

"இருக்கா?"

"இருக்கு."

அம்மா காலை வைத்தாள். இடுப்பளவு வந்ததும் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற மாமிகளெல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னாள்:

"விட்டுடாதடி."

இதுவரை அவளிடம் 'வாம்மா', 'போம்மா' என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

கரையில் நின்று கேட்டேன். குறிக்க ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து துவாலைகளைக் கொடியில் போட்டேன். மூன்று.